சம்பந்தி கட்டின வரி

"புள்ள, என் பேருல வரி வர்ற மாதிரி ஏதாவது பண்ண முடியாதா?"

நிலக்ஷிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹட்டனில் அவள் வேலை பார்க்கும் கணக்காளர் அலுவலகத்துக்கு வருகிற எல்லோரும் வரியைக் குறைக்கத்தான் சொல்வார்கள். கூட்டச் சொன்ன முதல் ஆள் இந்த அழகுமுத்து, ஓய்வுபெற்ற தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை.

அவருடைய வைப்புப் பணம், கம்பனிப் பங்குகள் எல்லாவற்றையும் மென்பொருளில் ஏற்றியிருந்தாள். திரையில் கணக்கு ஓடும் பச்சைக் கோடு மெல்ல நிரம்பியது. 'செலுத்த வேண்டிய வரி' மட்டும் பூச்சியம்.

"ஐயா, உங்க வருமானத்துக்கு வரியே இல்லைங்க. வட்டியில பேங்க் வரின்னு புடிச்சதக்கூட எழுதிக் கேட்டு வாங்கிறலாம்."

"ஐயய்யோ, அத மட்டும் கேட்டுறாத!" அவர் பதறினார். "வெள்ளிக்கிழம மகளுக்குப் பரிசம் போட வர்றாங்க. ஹார்ட்வெயார் கட சின்னத்தம்பி முதலாளி வீடு. 'தோட்டத்து லயத்து வீட்டு ஆளுககிட்ட என்ன இருக்கு'ன்னு கேட்டாராம். அந்தப் பேச்சுலதான் சம்பந்தமே ஆடிக்கிட்டு இருக்கு."

இதற்காக வர வேண்டிய பணத்தை விடுகிறாரே, வீண் ஜம்பம் என்று நினைத்தாள்.

"இல்லாதத நான் போட மாட்டேங்க."

"இருக்கிறதப் போடு."

யோசித்தாள். பேங்க் பிடித்தது பிடித்ததுதானே? 'கட்டிய வரி' அறிக்கையை மட்டும் அச்செடுத்து நீட்டினாள்.

"பிளாஸ்டிக் உறை போட்டுத் தா புள்ள. வெத்தல தட்டுல வைக்கணும்."

திங்கட்கிழமை சின்னத்தம்பி முதலாளியே வந்து நின்றார். அவர் கணக்கும் இங்கேதான். வந்தால் "யாவாரமே இல்ல" என்ற ஒரே பாட்டு.

நிலக்ஷி அவசரமாக எழுந்தாள். சம்பந்தம் முறிந்துவிட்டதோ?

"பரிசம்... நல்லபடியா முடிஞ்சுதுங்களா முதலாளி?"

"முடிஞ்சுச்சு. அந்த மனுசன் வெத்தலையோட வரி கட்டின தாள வச்சு நீட்டுறாரு! எங்க சனம் அம்புட்டும் கை மாத்தி மாத்திப் படிச்சுச்சு. பொறகு எல்லாரும் என் மூஞ்சியவே பாக்குறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? கல்யாணத்தன்னைக்கு எங்க தட்டும் வரும்ல, அதுல பாருங்கன்னு சொல்லிட்டேன்."

கதவை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"பொகவந்தலாவையில எனக்கு இன்னொரு கட இருக்கு. இத்தன வருசமா ஒங்க ஆபீசுல மூச்சு விடல. அதையும் சேர்த்துப் போடு புள்ள. சம்பந்திய விட வரி கொறஞ்சிறக் கூடாது!"