பெரிசின் தொண்டை வலி

அவித்த உருளைக்கிழங்கை மசித்துத் துணியில் சுற்றி, சூடு ஆறுவதற்குள் கேப்டனின் கழுத்தில் கட்டிவிட வேண்டும் என்று ஏணிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன்.

மேலே கேப்டன் ஹார்ம்சன் பெரிஸ்கோப்பில் கண்ணை ஒட்டியபடி இருந்தார். வயது முப்பத்தொன்று. நீர்மூழ்கியில் கேப்டன் என்றால் வயது எதுவானாலும் அவர்தான் ‘பெரிசு’.

பெரிசுக்கு ஆறு நாளாகத் தொண்டை வலி.

வேறு கப்பலில் இதைச் சொன்னால் ஐயோ பாவம் என்பார்கள். எங்கள் ஜெர்மன் நீர்மூழ்கிகளில் சிரிப்பார்கள். லட்சம் டன் எதிரிக் கப்பலை மூழ்கடித்தால் கேப்டனுக்கு ஒரு சிலுவைப் பதக்கம் உண்டு. அது தொங்குவது தொண்டைக்குழியில். அதற்காக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைகிறவரை, “அவருக்குத் தொண்டை வலி” என்பது எங்கள் பேச்சு.

பெரிசுக்கு அந்த வலி கிடையாது. போருக்கு முன் எல்பே ஆற்றில் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆடு மாடு ஏற்றி இறக்கிய படகோட்டி. ஒன்பது கப்பல்களை மூழ்கடித்த பிறகும் அந்த ஆட்டுப் படகைப் பற்றித்தான் பேசுவார். ஆனால் போன வாரம் தொண்டை வலி என்று வாயைத் திறந்து தொலைத்தார்.

“தெரியும் கேப்டன், தெரியும். இன்னும் ஒம்பதாயிரம் டன்தானே, சரியாப் போயிடும்” என்று துணை அதிகாரி ப்ரெஸ்கே கண்ணடித்தான்.

நான் வயர்லெஸ்காரன். எங்கள் நீர்மூழ்கியில் வைத்தியனும் நானேதான். ஆறு வாரப் பயிற்சி. சிரங்கு, நகச்சுத்தி வரைக்கும் தெரியும். டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே கோழிமுட்டை அளவுக்கு வீக்கம். மூச்சுக்கு ஒரு சந்துதான் பாக்கி. கையேட்டைப் புரட்டினேன். “உடனே வைத்தியரிடம் கொண்டுசெல்லவும்” என்று போட்டிருந்தது. கரைக்குப் பதினொரு நாள்.

தலைமையகத்துக்குச் செய்தி தட்டினேன். கேப்டனுக்குக் கடும் தொண்டை வலி, திரும்ப அனுமதி தேவை.

பதில் வந்தது: “வலி புரிகிறது. ஒன்பதாயிரம் டன் மருந்து சாப்பிடவும். நல்ல வேட்டை அமையட்டும்.”

நேற்றிலிருந்து பெரிசு சொல்வதில் பாதிதான் வெளியே வந்தது. மீதியை வீக்கம் விழுங்கிவிடும். காலையில் “சூப் வேண்டாம்” என்றார். “வேண்” வரைக்கும்தான் கேட்டது. சமையற்காரன் இரண்டு கிண்ணம் கொண்டுவந்து வைத்தான்.

இப்போது பெரிஸ்கோப்பில் ஒரு பயணிக் கப்பல். என்ஜின் பழுதாகி, கப்பல் கூட்டத்தை விட்டுத் தனியாக நடுக்கடலில் நின்றுகொண்டிருந்ததாம். பதினோராயிரம் டன் இருக்கும் என்று ப்ரெஸ்கே குதித்தான். அவன் கை டார்பிடோ விசையில் இருந்தது.

பெரிசு வெகுநேரம் பார்த்தார். பிறகு திரும்பினார்.

“விடு” என்றார்.

ப்ரெஸ்கே விட்டான்.

வெடிச் சத்தம் கேட்டதும் படகே கூத்தாடியது. பெரிசு மட்டும் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தோம்.

மேலே வந்தோம். நாலு உயிர்காப்புப் படகுகள் மிதந்தன. படகில் இடம் கிடைக்காதவர்களும் தண்ணீரில் இருந்தார்கள். அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை. எனக்குத் தைரியம் இல்லை.

தப்பியவர்களிடம் வழக்கமாகக் கேட்பது கப்பலின் பெயரும் எடையும்தான். பெரிசு ஒரு தாளில் வேறு எதையோ எழுதி நீட்டினார். ப்ரெஸ்கே படித்துவிட்டு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு கத்தினான்.

“உங்கள்ல டாக்டர் யாராவது இருக்கீங்களா?”

எங்களை ஒட்டி வந்த படகில் ஒரு வழுக்கைத் தலையர் எழுந்து நின்றார். மதியச் சாப்பாட்டுக்குச் செருகிய துண்டு இன்னும் அவர் கழுத்தில் இருந்தது. பெரிசின் கழுத்தை உற்றுப் பார்த்தார்.

“இன்னைக்கே அறுத்து விடணும். இல்லேன்னா மூச்சு நின்னுடும்” என்றார். “கத்தி, மருந்து எல்லாம் என் பையில இருக்கு. பை இப்பத்தான் கீழ போச்சு. நீங்கதானே அனுப்பி வச்சீங்க?”

“சவரக்கத்தி இருக்கு டாக்டர், வாங்க!” என்று நான் கையை நீட்டினேன்.

எங்கள்மேல் அவருக்கு எவ்வளவு கோபம் இருந்திருக்க வேண்டும். ஆனாலும் அந்த மனுஷன் ஒரு காலைத் தூக்கினார். அதே நேரம் எதிரி விமானத்தின் சத்தம் கேட்டது. அவரை அப்படியே விட்டுவிட்டு மூழ்கினோம்.

சாயங்காலம் மேலே வந்து, பதினோராயிரம் டன் என்று தலைமையகத்துக்குத் தட்டியதும் பதக்கச் செய்தி வந்தது. “தொண்டை வலி குணமானதற்கு வாழ்த்துகள்” என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். என்ஜின் அறைக்காரர்கள் தகர டப்பாவை வெட்டிச் சிலுவை செய்தார்கள். கயிறு அந்தக் கழுத்தைச் சுற்றி எட்டவில்லை. உருளைக்கிழங்குக் கட்டின்மேல் ஊக்கால் குத்தி வைத்தார்கள். பாடினார்கள், கைதட்டினார்கள். பெரிசின் கண்ணில் தண்ணீர்.

சவரக்கத்தியை வெந்நீரிலிருந்து எடுத்தேன்.

“வாயைத் திறங்க, கேப்டன்.”

அவர் திறக்கவில்லை. பென்சில் வேண்டும் என்று சைகை காட்டினார். வீட்டுக்கு ஏதோ எழுதப் போகிறார் என்று நினைத்தேன்.

பதக்கச் செய்தி வந்த தாளைத் திருப்பி ஒரே வரி எழுதினார்.

“நான் சொன்னது: விடு, வேண்டாம், அதில் டாக்டர் இருப்பார்.”

பிறகு வாயைத் திறந்தார்.