சம்பந்தி மேல் ஒரு புகார்

"பொண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டு மேலயே புகார் கொடுப்பியா? உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?"

கணவர் போட்ட சத்தத்தில், ஷெட்டில் கொய்யா தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். காதை மட்டும் நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டார்கள்.

ஷெட்டுக்காரம்மா மேஜை மேல் இரண்டாக அறுத்து வைத்திருந்த பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுச்சதையில் வெள்ளையாக ஒரு புழு நெளிந்தது. பழம் வந்த பெட்டியில் சம்பந்தியின் தோட்டத்துச் சீட்டு ஒட்டியிருந்தது.

பழ ஈயின் புழு. கண்ணில் பட்டால் அன்றைக்கே அரசாங்க ஆபீஸுக்குச் சொல்லியாக வேண்டும். பழத்தை விளைவிக்கிறவரானாலும் சரி, வாங்கிப் பெட்டி கட்டுகிறவரானாலும் சரி, சட்டம் ஒன்றுதான். சொல்லிவிட்டால், அவர்கள் வந்து பார்த்து மருந்தடிக்கும் வரை அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு பழம் வெளியே போகாது. அதுவும் இப்போது காய்ப்பு நேரம்.

"ஒரு பழம்தானே? தூக்கிக் குப்பையில போடு. யாருக்குத் தெரியப் போகுது?"

"பழத்தைப் போட்டுடலாங்க. அங்கே பறந்துகிட்டிருக்கிற ஈயை எந்தக் குப்பையில போடறது? இன்னைக்கு அவர் தோட்டம், நாளைக்குப் பக்கத்துத் தோட்டம்னு எல்லாம் போயிடும்."

"ஊரைக் காப்பாத்த நீதான் கிடைச்சியா? கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம்கூட ஆகலை. அந்த வீட்டுல நம்ம பொண்ணு எந்த முகத்தோட நடமாடுவா?"

அவளுக்கும் அந்தக் கவலைதான். சம்பந்தி தங்கமான மனிதர்தான். ஆனால் கோபம் வந்துவிட்டால் எதிரில் இருப்பவர் மனிதரா மரமா என்று பார்க்க மாட்டார்.

மகளிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். மகள் கட் செய்துவிட்டாள்.

ஷெட்டுக்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போன் செய்தாள். தோட்டத்தின் பெயரையும் சொல்லிவிட்டாள்.

"சரிம்மா, ஆள் வருவாங்க. அந்தப் பெட்டிகளைத் தனியா எடுத்து வைங்க" என்றது மறுமுனை.

கணவர் தலையில் அடித்துக்கொண்டு வெளியே நின்ற வேனில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

சம்பந்தி! முகம் கடுகடுவென்று இருந்தது. அவருக்குப் பின்னால் மகள். அவள் மடியில் புடைத்துப்போன ஒரு பெரிய பை.

ஷெட்டுக்காரம்மா அந்தப் பையையே பார்த்தாள். போச்சு, பெண்ணைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார்.

"நான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றபடி கணவர் வேனிலிருந்து இறங்கினார்.

சம்பந்தி உள்ளே வந்தார். தொண்டையைக் கனைத்தார். "சம்பந்தியம்மா..."

"நான்தாங்க சொன்னேன்!" அவள் முந்திக்கொண்டாள். "உங்க பழத்துல புழு இருந்துச்சு, ஆபீஸுக்குச் சொல்லிட்டேன். என் பொண்ணுக்கு இதைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க. அவளை ஒண்ணும் சொல்லிடாதீங்க."

சம்பந்தி திருதிருவென்று விழித்தார்.

"நீங்க வேற சொன்னீங்களா?"

"வேறன்னா?"

"நான் காலையிலயே சொல்லிட்டேனே! மரத்துல பார்த்த உடனே சொல்லிட்டேன். பழம் எங்கே போயிருக்குன்னு கேட்டாங்க. மறைக்க முடியலை, உங்க ஷெட்டைச் சொல்லிட்டேன். கழுவி முடிக்கிற வரைக்கும் உங்க ஷெட்டையும் மூடணுமாம்."

"எது? எங்க ஷெட் மேல புகாரா?" கணவர் எகிறினார். "சம்பந்தின்னுகூடப் பார்க்காம..."

ஷெட்டுக்காரம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். மீதி வார்த்தையை அவர் அப்படியே விழுங்கிவிட்டார்.

முதலில் தரம் பிரிக்கும் பெண்களில் ஒருத்திதான் களுக்கென்று சிரித்தாள். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. ஷெட்டுக்காரம்மா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"சீக்கிரம் சொன்னது நல்லதாப் போச்சாம் சம்பந்தியம்மா. மருந்தடிச்சா போதும், மரத்தை வெட்ட வேண்டியதில்லைன்னுட்டாங்க" என்றார் சம்பந்தி. கடுகடுப்பு போன இடம் தெரியவில்லை.

"அப்ப இந்தப் பை எதுக்குடி?"

மகள் திறந்து காட்டினாள். உள்ளே பிரஷ், கையுறை, பழைய துணி. "ஷெட்டைக் கழுவணும்ல? அத்தையும் அவரும் பின்னாலயே வர்றாங்க. எல்லாரும் சேர்ந்தா சட்டுனு முடிஞ்சிடும்."

"அதைப் போன்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? நீ கட் பண்ணினதும் எனக்கு உயிரே போயிடுச்சு."

"மாமாதான் பேசக் கூடாதுன்னுட்டார். இந்த மாதிரி விஷயத்தை நேர்ல போய்ச் சொல்றதுதான் மரியாதையாம்."

"மனுஷன்னா இப்படி இருக்கணும்" என்றார் கணவர், இவ்வளவு நேரமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தவர் மாதிரி.

மகள் அம்மாவின் காதருகே குனிந்தாள்.

"ஆனா வழி முழுக்க ஒரே புலம்பல்மா. 'உங்கம்மா சத்தம் போட ஆரம்பிச்சா நீ முன்னாடி நின்னு சமாளி, அதுக்குள்ள நான் ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணிடறேன்'னு!"