ஆளுக்குப் பாதி

அடக்கத்துக்கு ஏற்பாடு செய்யும் ஹால்வர்சன் பில்லை மேசைமேல் வைத்ததும் அண்ணன் பர்ஸை உருவினான்.

அம்மாவின் சவப்பெட்டி, குழி, பாதிரியார், பூ எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் டாலர்.

"செக்குன்னா இவ்வளவுதான். கார்டுன்னா நூத்துக்கு மூணு கூட வரும்" என்றார் ஹால்வர்சன். இழவு வீட்டில் இதைச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது. "எனக்கில்ல டுவேன். அது கார்டு கம்பெனிக்குப் போறது."

அண்ணன் கார்டையே நீட்டினான். தேய்த்தால் விமான டிக்கெட்டுக்குப் பாயின்ட் விழும். டென்வரிலிருந்து அம்மா முகத்தைப் பார்க்க அவன் பறந்து வந்ததே பாயின்டில்தான்.

மாதம் பிறந்தால் முழுப் பாக்கியையும் அடைத்துவிடுவான். இருபது வருஷமாக ஒரு சென்ட் வட்டி கட்டியதில்லை. கல்யாண வீடானாலும் இழவு வீடானாலும் இதைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டான்.

"அந்த மூணையும் சேர்த்து ஆளுக்குப் பாதி, கார்லா. உன் பங்கை ரொக்கமா குடுத்துடு. மொத்தத்தையும் நான் தேய்ச்சிக்கிறேன்."

என்னிடம் பணம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முழுவதையும் அவனே கொடுத்திருப்பான். அப்புறம் சர்ச்சில் எல்லோரும் பன்னும் காபியுமாக உட்கார்ந்திருக்கும்போது அதைச் சொல்லிக் காட்டியும் இருப்பான்.

மூன்று வருஷம் அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டவள் நான். கடைசியில் அண்ணன் தயவில் அவளைப் புதைத்தேன் என்ற பேச்சு எனக்கு வேண்டாம்.

பாதி என் பங்குக்கு வரும் என்று தெரிந்து, கொஞ்சம் கூடுதலாகவே போட்டு வைத்திருந்த உறையைக் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

எச்சில் தொட்டு எண்ணினான். "அடேங்கப்பா! பள்ளிக்கூடத்து அடுப்படியில இவ்வளவு அள்ளிக் குடுக்கிறானுங்களா?"

"எல்லாம் சேர்த்து வெச்சதுதான்" என்றேன்.

கார்டு இயந்திரம் கீச்சென்றது. ஹால்வர்சன் துண்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அண்ணன் போனைத் திறந்து பார்த்தான். அன்று முதல்முறையாக அவன் முகம் மலர்ந்தது.

"குறைஞ்ச பாயின்ட் நிறைஞ்சிடுச்சு. ஜனவரியில நானும் டெப்பியும் ஹவாய் போறோம். ஓசியில!"

"ஓசியில எவன் குடுக்கிறான்?" என்றார் ஹால்வர்சன்.

"எவனோ ஏமாளி வட்டி கட்டுறான், நாம பறக்கிறோம். பொழைக்கத் தெரியணும்யா!"

ஹால்வர்சன் மரியாதைக்குச் சிரித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மாவை நினைத்துக்கொண்டேன் என்று எண்ணி அண்ணன் என் தோளில் தட்டிக்கொடுத்தான்.

என்னிடமும் அதே கம்பெனி கார்டுதான் இருக்கிறது.

காலையில் வங்கிப் பெண் அதைத் தேய்த்து, உறையில் இருந்த அத்தனை நோட்டையும் எண்ணி வைத்தாள். கொடுப்பதற்கு முன் ஒரு தடவை தயங்கினாள். கார்டில் ரொக்கம் எடுத்தால் வருஷத்துக்கு நூற்றுக்கு இருபத்தொன்பது வட்டி, அதுவும் இன்றைக்கே ஏற ஆரம்பித்துவிடும், தெரியும்தானே என்று கேட்டாள்.

தெரியும் என்று கையெழுத்துப் போட்டேன்.