இத்தாலி மெஷின்

“ஜீவி, காபி எப்படி?”

“டேஸ்டே இல்லைங்க.”

ஜீவிதா காய்ச்சலில் கிடந்து எழுந்த வாரம் அது. அவள் கணவன் தருண்குமார் அன்றே ஃபில்டரை ஓரங்கட்டிவிட்டு, குடகுக் காபிக் கொட்டையும் அதை அரைக்க ஒரு மெஷினும் வாங்கினான்.

“இப்போ?”

“ம்ஹூம்.”

பைக்கை விற்று இத்தாலி காபி மெஷின் வாங்கினான். மைசூரில் பஸ்ஸுக்கு நிற்பது உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டான்.

“பைக்கை விக்கிற அளவுக்கு இது ஒர்த்தாடா?” என்று கேட்டான் மாடி வீட்டு முரளிதரன்.

“அவ நல்லா இருக்குன்னு சொன்னா ஒர்த்துதான்.”

மறுநாள் காலை ஜீவிதா ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

“இன்னைக்குத்தாங்க சக்கத்தா, பிரமாதமா இருக்கு. இனிமே எதுவும் வாங்காதீங்க.”

தருணுக்குப் பைக் போன துக்கமே போய்விட்டது. தன் கப்பை எடுத்து ஒரு வாய் குடித்தவன் சிங்க்கில் துப்பினான்.

சர்க்கரை என்று இரண்டு கப்பிலும் அவன் போட்டிருந்தது உப்பு.

அவளுடைய கப்பைப் பார்த்தான். காலி.

“ஜீவி...”

“காய்ச்சலுக்கு அப்புறம் நாக்குல ஒண்ணுமே தெரியலைங்க. தானா சரியாயிடும்னு சொல்லாம இருந்தேன். அதுக்குள்ள நீங்க பைக்கை வித்துட்டு வந்து நின்னீங்க.”

தருண் மெஷினை அணைத்தான். துடைத்தான்.

“நாளைக்கும் போடவா?”

“போடுங்க. சூடு தெரியுது.”