படத்துக்கு மயங்காத டொக்டர்

"பிள்ளை, இந்தக் குளிசையை எனக்கு எழுதித் தாங்கோ."

சிவகுருநாதன் கைபேசியை டாக்டர் தேனுஜாவின் மூக்குக்கு நேரே நீட்டினார். நியூஜெர்சியில் இருக்கும் மைத்துனர் அனுப்பிய அமெரிக்க விளம்பரம் அதில் ஓடிக்கொண்டிருந்தது. முழங்கால் நோவை மறந்த ஒரு பெரியவர் கடற்கரையில் நாயோடு ஓடினார்.

"'உங்கட டொக்டரிட்டைக் கேளுங்கோ' எண்டு கடைசியில சொல்லுறாங்கள். அதுதான் கேக்கிறன்."

தேனுஜாவுக்குச் சிரிப்பு வந்தது. ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் கிளினிக் திறந்த இந்த இரண்டு வருடத்தில், எந்த மருந்து வேண்டுமென்பதையும் வாட்ஸப்பில் கொண்டுவரும் நோயாளிகளை அவள் நிறையப் பார்த்துவிட்டாள்.

"அங்கிள், டொக்டர் எழுதித் தாற மருந்தை ஜெர்மனியில சனத்துக்கு விளம்பரம் செய்யேலாது. சட்டம் விடாது."

"அப்ப உங்களுக்கு?"

"எங்களுக்குக் காட்டலாம். நாங்கள் ஆராய்ச்சியைப் பாத்துத்தான் எழுதுவம். படத்துக்கு மயங்க மாட்டம்." சொல்லும்போதே கழுத்து கொஞ்சம் நிமிர்ந்துகொண்டது.

"என்னவோ பிள்ளை, ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கு இன்னும் மூண்டு கிழமைதான் கிடக்கு. ஒரு வருசமும் நான் வடம் பிடிக்காமல் விட்டதில்லை. இந்தமுறை கரையில நிண்டு பாக்க வைச்சிடாதேங்கோ."

தேனுஜாவுக்குப் பாவமாகிவிட்டது. காற்சட்டையை மடித்துவிடச் சொன்னாள். இடது முழங்கால் வீங்கியிருந்தது. அதற்குக் கீழே பிறை போல ஒரு தழும்பு.

"இது?"

"அது சின்னனில சைக்கிளால விழுந்தது. நோ போன வருசக் கடைசியிலதான் துவங்கினது. ஒரு நாள் வேலைக்குப் போனன், அதில வந்த வினை."

"பாரம் தூக்கினனீங்களோ?"

"இல்லை. சும்மா படி ஏறி இறங்கிறதுதான் வேலை."

இப்படியும் ஒரு வேலையா என்று நினைத்தபடியே தேனுஜா இழுப்பறையிலிருந்து பளபளப்பான தாள் ஒன்றை எடுத்தாள். மருந்துக் கம்பனிக்காரர் போன வாரம் வந்து, அரை மணி நேரம் விளக்கிவிட்டுக் கொடுத்தது.

"உங்களுக்கு இதை எழுதுறன். புதுசு. நல்ல மருந்து."

"நல்லதெண்டு எப்பிடித் தெரியும்?"

"இதைப் பாருங்கோவன்! ரெண்டு கிழமை பாவிச்ச ஆளாம். என்ன மாதிரிப் படி ஏறுது!"

படத்தில் முகம் இல்லை. அரைக்காற்சட்டை போட்ட இரண்டு கால்கள் மட்டும் உற்சாகமாகப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தன. சிவகுருநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு காற்சட்டையை மறுபடி மேலே இழுத்து, தாளைத் தன் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தார். படத்திலும் அதே பிறை.

"எனக்கு அவங்கள் குளிசை ஒண்டும் தரேல்லை, பிள்ளை," என்றார். "இந்தப் படத்துக்காக அண்டைக்கு முப்பது தரம் படி ஏற விட்டவங்கள். அதிலதான் முழங்கால் போனது."