போலித் தளத்துக்கும் பச்சை

“சோதனையில எல்லாமே பச்சையா வந்தா உனக்குச் சந்தேகமே வராதாடி?” என்று நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, இதே அலுவலகத்தில் இருக்கும் அக்கா கேட்டாள். சிரித்து மழுப்பினேன். இப்போது மதிய வெயில் ஜன்னல் கம்பிகள் வழியாக மேசைமேல் கோடு கோடாக விழுகிறது. எந்த இணையத் தளத்தை நம்பலாம் என்று எங்கள் செயலிக்குச் சொல்லும் ரூட் சான்றிதழ்களை நான்தான் சேகரித்தேன். அந்தப் பட்டியல் அக்காவின் திரையில் மெல்ல ஓடுகிறது. சோதனைக்காக நாங்களே வைத்த போலித் தளத்தைச் செயலி விரட்ட வேண்டும். நேற்று அது ஒழுங்காக விரட்டியது. விரட்டியதைச் சொல்லும் சிவப்பு எழுத்தைப் பார்த்த நான், எதையோ விட்டுவிட்டேன் என்று பயந்து, போலியின் சான்றிதழையும் பட்டியலில் சேர்த்துவிட்டேன். உடனே எல்லாம் பச்சையானது. அக்காவின் விரல் அந்தக் கடைசி வரியில் நிற்கிறது. பின்னாலிருந்து மேலாளர் குனிந்து பார்க்கிறார். “திருடனுக்கும் பத்திரிகை வெச்சுக் கூப்பிட்டிருக்கீங்களேம்மா!” பக்கத்து மேசையில் இரண்டு பேர் சிரிக்கிறார்கள். “யார் சேர்த்தது?” என்கிறார் மேலாளர். மின்விசிறி கரகரவென்று சுற்றுகிறது. பள்ளியைப் பாதியில் விட்ட எனக்கு இந்த நாற்காலியை வாங்கித் தர, அக்கா இவரிடம்தான் மூன்று முறை போய்க் கேட்டாள். வாயைத் திறந்த நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். “நான்தான் சார்” என்கிறாள் அக்கா. “சரி பண்ணிடறேன்.” அவர் நகர்கிறார். நான் துப்பட்டாவின் பிரிந்த நூலைத் திருகிக்கொண்டே இருக்கிறேன். அக்கா அந்த வரியை அழிக்கிறாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்கிறாள். என்னைப் பார்க்காமலே எழுந்து வெளியே போகிறாள்.