நாலாவது கை

துறைமுகத்துக்குப் போகும் வீதியில் இருக்கிற முதியோர் நிலையத்தில், ஞாபகசக்திக்காக ஒரு தொடுதிரை மேசை வைத்திருந்தார்கள். மனோன்மணி அதில் காசிமோடும் சிவபாதத்தோடும் முன்னூற்றிநாலு விளையாடுவார். அது நாலு பேர் ஆடும் சீட்டாட்டம். எதிர்க்கதிரையில் இருந்து அவருக்குக் கூட்டாக ஆடிய யோகநாதன் மாசியில் இறந்துபோனார்.

அந்த மேசை தானாக ஆடாது. விரல் பட்டால்தான் சீட்டு நகரும். மாசிக்குப் பிறகும் எதிர்ப்பக்கத்துச் சீட்டுகள் நகர்ந்தன.

ஆட்டம் தொடங்குமுன் திரை கேட்கும்: எத்தனை பேர் இருக்கிறீர்கள்? மனோன்மணி நாலு என்று அழுத்துவார். திரை ஒருநாளும் அதைப் பிழை என்று சொன்னதில்லை. மகள் தர்மினிதான் சொன்னாள்.

“அம்மா, மூண்டு பேர்தான் இருக்கிறீங்கள். அதை ஒத்துக்கொள்ளுங்கோ. இல்லாட்டி இண்டைக்கே கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போயிடுவன்.”

“நாலு.”

“காசிம் மாமா, நீங்களாவது சொல்லுங்கோ.”

“என்ன உடுங்க மகள். நானே தோத்துக்கிட்டு இரிக்கன்.”

தர்மினி எதிர்க்கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். “பாருங்கோ, வெறுங்கதிரை.” உள்ளங்கையைத் திரையில் வைத்தாள்.

ஆட்டம் நின்றது. திரையில் எழுத்து வந்தது: ஐந்து பேர் விளையாட முடியாது. ஒருவர் எழும்பவும்.

மனோன்மணி தன் சீட்டுகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எழும்பு பிள்ளை. அவர் துரும்புச் சீட்டை வைச்சிட்டார்.”

தர்மினி எழும்பினாள். அவளுடைய கையின் ஈரம் திரையில் காயுமுன், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சீட்டு நடுமேசைக்கு வழுக்கி வந்தது.